நான்கு இம்மி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் மாடி லேப்.
கீழே லேத் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டது.
அதன் எண்ணெய் வாடை மட்டும்
படியேறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

மேஜைமேல் தண்ணீர் மீட்டரின் பலகை,
நடுவே கறுப்புச் சில்லு.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும்,
ஓடிய லிட்டரை எண்ணும்,
ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லும்,
மறுபடி படுத்துக்கொள்ளும்.
விழிப்பு தொண்ணூறு மில்லிசெகண்டு.
மிச்சமெல்லாம் உறக்கம்.
உறங்கத்தான் இதற்குச் சம்பளம்.

திரையில் கோடு ஓடுகிறது.
ரேடியோ பேசும்போது இருபத்தெட்டு மில்லி ஆம்பியர்,
செங்குத்தாக எழுந்து சரிகிறது.
அதற்கு நான் பயப்படுவதில்லை.
கத்திவிட்டு அடங்குகிறவர்களால் வீடு அழிவதில்லை.
என் பயம் அடியில் கிடக்கும் கோடு:
இரண்டு மைக்ரோவில் படுக்க வேண்டியது
முப்பத்தெட்டில் புரள்கிறது.

இரண்டென்றால் காசளவு பேட்டரி பன்னிரண்டு வருடம் வரும்.
முப்பத்தெட்டென்றால் எட்டு மாதம்.
ஐந்து வருடம் என்று கையெழுத்திட்டவர்
இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார்.
எலஹங்காவில் நாலாயிரம் குழி, நாலாயிரம் இரும்பு மூடி.
எட்டு மாதத்துக்கு ஒருமுறை தூக்கப்போவது
எதிரே வடை தின்றுகொண்டிருக்கும் ரேவண்ணா.

இம்மியும் அசையவில்லை, இம்மி பிசகவில்லை
என்று எண்ணாமலே சொல்கிறோம்.
பழைய கணக்கில் அது நிஜமான எண்,
இருபத்தொரு லட்சத்துச் சொச்சத்தில் ஒரு பங்கு.
ஆம்பியரை அப்படி அரிந்தால்
அரை மைக்ரோவுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது.
ஆக, இந்தச் சில்லு
நான்கு இம்மியில் தூங்க வேண்டும்.
கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

முதல் குற்றவாளி நானே:
பிழை தேட மாட்டிய கேபிள்.
உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எது தூங்கும்?
பிடுங்கினேன். இருபத்துநான்கு.
அடுத்து, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க
நானே வைத்த இரண்டு ரெசிஸ்டர்.
மிச்சத்தை அளப்பதற்கே ஒன்பது தின்றிருக்கின்றன.
சுரண்டி எடுத்தோம். பதினைந்து.

பதினைந்தில் நின்றுவிட்டது.
பச்சை வழியின் கடைசி மெட்ரோ
ஜன்னலுக்கு அப்பால் காலியாகப் போனது.
டீயை எடுக்க ரேவண்ணா கை நீட்டினார்.
பத்தொன்பது.
கையை இழுத்தார். பன்னிரண்டு.
இருவரும் மூச்சு விடவில்லை.
மறுபடி நீட்டச் சொன்னேன், டீ இல்லாமல்.

பதினான்காம் கால்.
எதனோடும் சேர்க்காமல் விட்ட கால்.
சும்மா கிடக்கட்டும் என்றுதான் விட்டேன்.
அது பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை.
ட்யூப்லைட்டின் முனகல், ரேவண்ணாவின் உள்ளங்கை,
போகிற வருகிற எல்லாவற்றுக்கும் காது கொடுத்து
நடுவில் அலைகிறது.
உள்ளே இரண்டு கதவும் பாதி திறந்திருக்க
மின்சாரம் குறுக்கே நடந்து போகிறது.

போனில் வீட்டுக்காரர் நஞ்சுண்டையா:
அக்ரிமெண்டைப் புதுப்பிக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா?
அனுப்பிப் பத்தொன்பது நாள்.
படித்தாயிற்று என்று இரண்டு நீல டிக்
அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரே வரி எழுதினேன்,
பதினான்காம் காலைத் தரையோடு கட்டு.
கோடு தாழ்ந்தது.
ஒன்று புள்ளி ஒன்பது.
"மலகித்தா?" என்றார் ரேவண்ணா,
பிள்ளை தூங்கியதா என்று கேட்கிற குரலில்.
"மலகித்து" என்றேன். என் கன்னடத்தில்
அவர் திருத்தாத முதல் சொல்.

பிறகு அளவுகருவியையும் கழற்றினோம்.
எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பேட்டரியைச் செருகி மூடினோம்.
திரையில் ஒன்றுமில்லை.
இனி அது உறங்குகிறதா என்று தெரியப்போவது
பேட்டரி தீரும் நாளில்தான்.

நஞ்சுண்டையாவுக்கு ஒரு சொல் அனுப்பினேன்.
எந்தச் சொல் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.
வீடு சேர மணி ஒன்றே கால்.
அன்றைக்காவது நன்றாகத் தூங்கினேன்
என்று எழுத ஆசைதான்.
கொசுவத்தி தீர்ந்திருந்தது.